பத்தொன்பது மஞ்சள் துண்டுகள்

என் தங்கை மதலைமேரி ஜெயித்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்று வயதில் தட்டம்மை வந்தது. அந்த மாதம் எங்கள் எஸ்டேட் குடியிருப்பில் நான்கு பிள்ளைகளுக்கு அது வந்தது. மூன்று பேரை மண்ணில் வைத்தோம். இவள் பிழைத்தாள். இடது கண் போய்விட்டது.

பதினாறு வயதில் காபிப் பழம் பறிக்கப் போனாள். ஒற்றைக் கண்ணுக்காரி பச்சைக் காயையும் சேர்த்துப் பறிப்பாள் என்று ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் திருப்பி அனுப்பினார். அவள் பழத்தை விரலால் அழுத்திப் பார்த்தே பழுத்தது எது என்று கண்டுபிடிக்கப் பழகினாள். மறு வருடம் கூடையில் ஒரு பச்சைக் காய்கூட இல்லாமல் பறித்ததற்கு முதல் பரிசாக எவர்சில்வர் குடம் வாங்கினாள். குடம் இன்னும் அவள் வீட்டில் இருக்கிறது. அடியில் மட்டும் ஒரு ஒடுக்கு.

கல்யாணம் வேண்டாம் என்று இருபத்திரண்டு வயதில் சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். எங்கள் சொந்தபந்தத்தில் அதுவும் ஒரு ஜெயிப்புதான்.

நாற்பது வயதில், பள்ளிக்கூடத்தில் மொத்தமாக ஒரு மாதம்கூட உட்காராதவள், சேலத்தில் ஒரு கல்லூரி மண்டபத்தில் பிள்ளைகள் முன்னால் நின்றாள். அவள் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொரு இலையாகக் கையில் கொடுத்தார்கள். தடவியும் முகர்ந்தும் எழுபத்திரண்டு செடிகளுக்குப் பெயர் சொன்னாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். அதில் தவறு இரண்டு.

ஐந்தாவது ஜெயிப்பு 2023 அக்டோபர் 14, சனிக்கிழமை நடந்தது. அன்றைக்கு அவள் ஜெயிப்பாள் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மரியதாஸ். சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ஸ்டோர் வேலை. படிப்பு எட்டாவது வரை. எஸ்டேட் மழைமானியில் தினமும் காலை எட்டு மணிக்கு அளவு பார்த்து எழுதுவதும் என் வேலை. இருபத்து மூன்று வருடமாக ஒரு நாள்கூட விட்டதில்லை. அந்த வாரம் புதன் முப்பத்தெட்டு மில்லிமீட்டர், வியாழன் இருபத்திரண்டு, வெள்ளி ஐம்பத்தொன்று. மண் குடித்துக் குடித்து நிறைந்துவிட்டது. காபிச் செடிகளுக்கு நடுவே நடந்தால் தரை காலடியில் அசைவது போல இருக்கும்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை சேலத்திலிருந்து ஒரு கூட்டம் எங்கள் மலைக்கு வரும். செடி பார்க்க வருகிறவர்கள். கூட்டத்துக்கு மலைச்செடி வட்டம் என்று பெயர். தலைவர் தேவசிகாமணி, வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு வழி காட்டுவது மதலை. பெரணி எது, பாசி எது, மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் எது, எந்தக் காசித்தும்பை எந்த ஓடைக்கரையில் மட்டும் பூக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவளுக்கும் அது பிடித்த வேலை. மற்ற நாளெல்லாம் அவளிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

அவர்களிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. எதையும் பறிக்கக் கூடாது. காட்டில் எதையும் விட்டுவிட்டும் வரக் கூடாது, மிட்டாய்க் காகிதம் உட்பட. உள்ளே போகும்போது ஒரு புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்ததும் அந்த வரிசையில் பெயர் கூப்பிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. போகும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மதலை ஒரு மஞ்சள் துணித் துண்டைக் கிளையில் கட்டிக்கொண்டே போவாள். திரும்பும்போது கடைசியாக நடக்கிறவர் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். கட்டியது எத்தனையோ அவிழ்த்ததும் அத்தனை இருக்க வேண்டும்.

துண்டு விருந்தாளிகளுக்காக என்று மதலை சொல்லியிருந்தாள். அது பொய். அவளுக்கு இருந்த ஒரு கண்ணும் வெளிச்சம் குறைந்தால் தெரியாது. மதியம் மூடுபனி இறங்கினாலே அவளுக்கு இருட்டுதான். எங்கள் எஸ்டேட் வழிகள் கால் பழக்கத்தில் வந்துவிடும். புது வழியென்றால் அந்த மஞ்சள் இல்லாமல் அவளால் திரும்ப முடியாது. இது எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தால் வழிகாட்டி வேலை போய்விடும் என்று மாதா படத்தின் முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அன்று காலை எட்டரை மணிக்குக் காபி உலர்த்தும் களத்தில் கூட்டம் சேர்ந்தது. ஜீப் ஓட்டும் ஸ்தனிஸ்லாஸ் வழக்கம்போல ஆரம்பித்தான்.

"ஏனுங்க சார், போன மாசம் பூப் பாக்கறேன்னு போயி அட்டைக்கெல்லாம் ரத்த தானம் பண்ணீட்டு வந்தீங்க. இந்த மாசமும் கேம்ப் உண்டுங்களா?"

"உனக்கென்னப்பா, ஜீப்புல காலை நீட்டித் தூங்கறவன். உன்னைக் கடிச்சா அட்டைக்குத்தான் தூக்கம் வரும்" என்றார் கிருஷ்ணம்மாள் டீச்சர். அவர் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர். போகும் இடமெல்லாம் கலர் பென்சிலால் பூக்களை வரைந்து ஒரு நோட்டில் வைத்திருப்பார். ஆறு வருடத்துப் படங்கள் அந்த ஒரே நோட்டில் இருந்தன.

புத்தகம் கைமாறிப் போனது. பதிமூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கையெழுத்து தேவசிகாமணியுடையது. புதிதாக வந்த ஒரு கல்லூரிப் பெண் மதலையிடம் பேனாவை நீட்டினாள்.

"அக்கா, நீங்க போடலையா?"

"எனக்குப் பேரெழுத வராது சாமி. அதுவுமில்லாம நானா தொலையப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை மறைக்கக் கூடாது.

அவர்கள் போகவிருந்தது பிளவுப்பாறைக்கு. பாறை வெடிப்பில் ஒரு சின்ன வெள்ளை ஆர்க்கிட் பூத்திருப்பதை ஆகஸ்டில் நாங்கள் இருவரும் வழி தேடிப் போனபோது அவள் கண்டுபிடித்தாள். அவளும் அந்த ஒரு தடவைதான் போயிருந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம் நிலம் இல்லை. நேராகப் பள்ளம்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "மழ கூடுது மதலை. கெளியூர்ப் பக்கம் ஓடை சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. இன்னிக்கு வேண்டாமே."

"ரெண்டு மாசமாக் காட்டறேன் காட்டறேன்னு சொல்லியிருக்கேன் அண்ணே. மூணு மணிக்கு மின்ன வந்துருவேன். நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

தூக்குப்போசியில் கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மலை மேலே நடந்ததை டீச்சரும் தேவசிகாமணியும் பின்னால் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போனதால் எழுதுகிறேன்.

பத்தொன்பதாவது துண்டைப் பாறை அருகே கட்டியபோது மணி ஒன்று இருபது. பூ இருந்தது. எல்லோரும் மண்டியிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பறவைச் சத்தம் நின்றது. மழை தூறத் தொடங்கியதும் அந்தப் பத்தொன்பதாவதை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். பதினெட்டாவது துண்டுக்கு வந்தபோது டீச்சர் தோள்பையைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டார். நோட்டு பாறையிலேயே இருந்துவிட்டது.

"நீங்க நடங்க டீச்சர். மழையில நிக்காதீங்க. நான் ஓடிப் போயி எடுத்தாந்தர்றேன்" என்று மதலை திரும்பினாள்.

அவள் கணக்குத் தெளிவானது. தான் பின்னால் வருவதால் கடைசி ஆள் தான்தான். அதனால் துண்டுகள் தனக்காகக் கிளையிலேயே இருக்கும். ஆனால் தேவசிகாமணியின் கணக்கு வேறு. புத்தகத்தில் கடைசிப் பெயர் அவருடையது. அதனால் கடைசி ஆள் அவர். மதலைக்கு மரம் மரமாக வழி தெரியுமே, அவளுக்கு எதற்குத் துண்டு என்று நினைத்துக்கொண்டு பதினெட்டாவதை அவிழ்த்தார். பிறகு பதினேழை. பிறகு பதினாறை. ஒன்றுவிடாமல் அவிழ்த்து, ஒவ்வொன்றையும் பிழிந்து பையில் போட்டுக்கொண்டே வந்தார்.

மூன்று நாற்பதுக்குக் களத்துக்கு வந்தார்கள். தேவசிகாமணி புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிட்டார். பதிமூன்றுக்குப் பதிமூன்று பேர் இருக்கிறேன் என்றார்கள். புத்தகத்தை மூடினார். டீ வந்தது.

மழை பலமாக இருந்ததால் நான் நான்கு மணிக்கு ஒரு தடவை மழைமானியைப் பார்க்கப் போனேன். காலை எட்டு மணியிலிருந்து நாற்பத்தேழு மில்லிமீட்டர். குறித்துவிட்டுக் களத்துப் பக்கம் வந்தேன். ஸ்டோர் வாசல் பெஞ்சில் மஞ்சள் துண்டுகளை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். நான் எண்ணினேன். பத்தொன்பது.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. துண்டெல்லாம் வந்துவிட்டது என்றால் அவளும் வந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்.

"மதலை எங்கங்க?" என்றேன்.

"ஊட்டுக்குப் போயிருக்கும்ங்க. குறுக்கு வழியில மின்னாடியே போயிருக்கும்" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

அவள் வீடு அங்கிருந்து பத்து நிமிடம். கதவில் சங்கிலி போட்டபடி இருந்தது. கோழிகள் கூண்டுக்குள் போகாமல் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டிருந்தன. மழை நாளில் அவள் செய்யும் முதல் வேலை கோழியை அடைப்பது. நான் திரும்பி ஓடினேன். வழியில் இரண்டு தடவை விழுந்தேன்.

களத்தில் டீச்சர் தேவசிகாமணியிடம், "என் நோட்டு மதலைகிட்டதான் இருக்கும், நாளைக்கு வாங்கிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவ ஊட்டுல இல்லீங்க" என்றேன். "இன்னும் மேலதான் இருக்கறா."

"அதெப்படிங்க மரியதாஸ்? கணக்கு சரியா இருக்குதே. பதிமூணு பேரும் வந்தாச்சு." தேவசிகாமணி புத்தகத்தைத் திறந்தே காட்டினார். அவர் சொன்னது சரிதான். என் தங்கை அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை.

"வந்துருவா அண்ணே. காட்டுப்பூனை மாதிரி நடக்கறவ அவ" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

அப்போது நான் சத்தியத்தை உடைத்தேன். "அவளுக்கு இந்த வெளிச்சத்துல கண்ணு தெரியாதுங்க. ஒண்ணு கெட்டுப்போச்சு, இன்னொண்ணு மங்கினா ஒண்ணுமே தெரியாது. அந்தத் துணி உங்களுக்குக் கட்டினதில்லீங்க. அவளுக்குக் கட்டினது."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். தேவசிகாமணி பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார்.

"எந்தத் துணி எந்த மரத்துல இருந்ததுன்னு எங்கிட்ட எழுதியிருக்குதுங்க. நான் வர்றேன்" என்றார். அவருக்கு அறுபத்தாறு வயது. வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை.

நான்கு நாற்பதுக்கு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஸ்தனிஸ்லாஸ் ஜீப் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். தேவசிகாமணி டார்ச்சைத் தன் குறிப்பு நோட்டில் அடித்துப் படித்துக்கொண்டே வந்தார். "ஒண்ணு, நாவல் மரம், தாழ்ந்த கிளை." நான் கட்டினேன். "ரெண்டு, பாசி படிஞ்ச பாறைக்கு வலது." கட்டினேன். திருப்பத்துக்குத் திருப்பம் அவள் பெயரைக் கூப்பிட்டேன். மூடுபனியில் சத்தம் போய்ச் சேராது. போர்வைக்குள் கத்துவது மாதிரி என் குரல் எனக்கே திரும்பி வந்தது. எங்கேயோ மேலே மரம் முறியும் சத்தம் ஒரு தடவை கேட்டது. காற்று இல்லை. காற்றில்லாமல் மரம் முறிந்தால் வேரடி மண் போகிறது என்று அர்த்தம். மூன்று பேருக்கும் அது தெரியும்.

பதினாறாவது துண்டைக் கட்டும்போது மணி ஐந்து ஐம்பது. பதினேழுக்குப் போகும் வழி இல்லை. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் சிவப்பு மண் வழிந்து கீழே போயிருந்தது. வேரோடு பிடுங்கிய புதர்கள் தலைகீழாகக் கிடந்தன.

ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். தேவசிகாமணி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான். நான்தான்" என்று மட்டும் சொன்னார்.

டார்ச் வெளிச்சத்தில் நான் அந்தச் சிவப்பை ஒவ்வொரு முழமாகப் பார்த்தேன். நடுவில் அவளுடைய ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. நீல வார். அது மண்ணுக்குள் பாதி புதைந்திருக்கிறதா, மேலே கிடக்கிறதா என்பதுதான் எனக்கு வேண்டியது. இன்னும் கொஞ்சம் இறங்கிப் பார்த்தேன். மேலே கிடந்தது. அடியில் மண் அழுத்தமாக இருந்தது, வாரில் மண் ஒட்டவில்லை. சரிவு முதலில், செருப்பு பிறகு. அவள் சரிந்த மண்ணைத் தாண்டப் பார்த்து வழுக்கியிருக்கிறாள். அப்படியென்றால் கீழே. கீழே என்றால் பள்ளத்தின் பக்கம்.

நாங்கள் மூச்சை அடக்கிக் கேட்டோம். மழை இலையில் விழும் சத்தம். ஓடைச் சத்தம். அப்புறம் வேறொன்று. டிங், டிங், டிங். நிறுத்தி, மறுபடியும் மூன்று.

"போசி மூடி" என்றான் ஸ்தனிஸ்லாஸ். "பாறையில தட்டறா!"

கயிற்றை ஒரு மரத்தில் கட்டி நான் இறங்கினேன். இருபது, இருபத்தைந்து அடி இருக்கும். ஒரு பாறைத் திட்டில் சிற்றீச்சம் புதர் ஒன்றை இடது கையால் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க ஈச்ச முள் குத்தி ரத்தம். வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது. மூடியை இரண்டு பாதங்களுக்கு நடுவே பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். டார்ச்சைத் தாண்டி அடித்துப் பார்த்தேன். அவள் காலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பாறை முடிந்தது. அதற்கப்பால் வெளிச்சம் எதிலும் படவில்லை.

"ஆரு, அண்ணனா?" என்றாள். என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. "பாத்து வா. இது ஈச்சை. பாறை வெளிம்புலதான் மொளைக்கும். குத்துனதும் நின்னுட்டேன்."

வழுக்கி விழுந்த பிறகு அவள் தவழ்ந்து வெளியேறப் பார்த்திருக்கிறாள். கையில் முதலில் பட்டது பெரணி. ஈரம் நிற்கும் இடம், அது சரியென்று நகர்ந்தாள். பிறகு எலுமிச்சைப்புல் வாசனை. திறந்த சரிவு வருகிறது என்று மெதுவாக்கினாள். பிறகு முள். இன்னும் ஒரு தடவை கையை முன்னால் வைத்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அங்கேயே உட்கார்ந்து மூன்று மணி நேரம் மூடியைத் தட்டியிருக்கிறாள்.

அவளைக் கயிற்றில் கட்டி மேலே ஏற்றினோம். மேலே வந்ததும் முதல் கேள்வி, "துணிய ஆருங்க அவுத்தது? ஒண்ணுகூட இல்லாம தொடச்சு வெச்சாப்புல. நல்லா இருப்பாங்களா?"

"நான்தாம்மா" என்றார் தேவசிகாமணி.

குரல் வந்த பக்கம் அவள் திரும்பினாள். பிறகு, "நீங்களா சார்? பத்தொம்பதும் இருக்குதுங்களா?" என்றாள்.

அவர் அழுதுவிட்டார். அவள் முந்தானைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய டீச்சரின் நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். நனையவே இல்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் என்றார்கள். மதலை என்னோடு நான்கு நாள் பேசவில்லை. சத்தியத்தை உடைத்ததற்கு. நான் சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தானே எடுத்துச் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் கேட்டாள். "அந்தப் பொஸ்தகத்துல நான் இல்லைங்கறதாலதான தேடலை?"

"ஆமா."

"அப்ப எம்பேர எழுதிக் குடு."

பழைய மழைக் கணக்குத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, இலையைத் தடவுவது போல விரலால் தடவிப் பார்த்தாள். "இந்த எழுத்து பெரண்டைக் கொழுந்து மாதிரி சுருண்டுக்குது" என்றாள். கிருஷ்ணம்மாள் டீச்சர் இரண்டு தடவை பஸ் ஏறிப் பார்க்க வந்தார். சொல்லித் தருகிறேன் என்றார். "அண்ணன் எழுதிக் குடுத்தது போதுங்க டீச்சர். நீங்க படத்த வரைங்க" என்று அனுப்பிவிட்டாள். மூன்று தாள் தீர்ந்தது. நாலாவது தாளில் எனக்குக் காட்டாமல் எழுதினாள்.

தீபாவளி குறுக்கே வந்ததால் அடுத்த நடையை மூன்றாம் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். அன்று மதலை மாவுக்கட்டோடு களத்துக்கு வந்தாள். தேவசிகாமணி எழுந்து நின்றார். இனி எல்லா நடையும் பகல் ஒரு மணிக்குள் முடியும் என்று அவரே முதலில் அறிவித்தார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

"இன்னொண்ணுங்க சார்" என்றாள் மதலை. "கட்டறவதான் அவுக்கோணும். நான் தொடாம ஒரு துணியும் கெளையை விட்டு எறங்கக் கூடாது."

"சரிம்மா."

"அட்டை கடிச்சா? அதுவும் நீ தொட்டாத்தான் எறங்குமா?" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"உன்னையக் கடிக்கச் சொல்றேன், போ."

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். புதிய பக்கம், முதல் வரி. வலது கையில் கட்டு இருந்ததால் பேனாவை இடது கையில் பிடித்தாள். இந்த ஒரு மாதத்துக்கு முன் எந்தக் கைக்கும் எழுதிப் பழக்கமில்லை, அதனால் எந்தக் கையானாலும் அவளுக்கு ஒன்றுதான். பதிமூன்று பேர் பின்னால் வரிசையில் காத்திருந்தார்கள். ஐந்து எழுத்துக்கும் நான்கு நிமிடம் ஆனது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எழுதி முடித்ததும், எழுத்து இருக்கிறதா என்று விரலால் ஒரு தடவை தடவினாள். மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது. பக்கத்திலிருந்த கட்டத்தில் தேதியை நான் எழுதினேன்.

18 நவம்பர் 2023.